புனே மகளிர் ஹாக்கியில் முதலாண்டு வீராங்கனைகள்

புனே நகரிலும் அதை ஒட்டிய கட்கி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதிகளிலும் வளர்ந்த பெண்கள் ஹாக்கி மரபு, இந்திய அணிக்கு இரண்டு வேறு காலங்களில் ஆட்டக்காரர்களை அளித்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவி எலிசா நெல்சன் புனேயில் பிறந்தவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இந்திய அணிக்குள் வந்த வைஷ்ணவி பால்கே, அக்ஷதா டேகளே, ருதுஜா பிசாள் ஆகியோர் சாத்தாரா மாவட்டத்துப் பெண்கள். இவர்கள் ஹாக்கி மட்டையோடு தேர்ச்சி பெற்றது புனே விடுதியில். களத்துக்குப் புதிதாக வந்த ஆண்டுகளிலேயே கவனம் ஈர்த்தவர்களைப் பற்றியும், அவர்களை உருவாக்கிய ஏற்பாடுகளைப் பற்றியும் இக்கட்டுரை பேசுகிறது.

பாசறை நகரின் ஆட்டம்

1817இல் கட்கியில் நடந்த போரில் பேஷ்வாவின் படை தோற்ற பிறகு, ஆங்கிலேயர் புனேயைப் பெரிய படைத்தளமாக மாற்றினர். புனே, கட்கி ஆகிய இரு பாசறைகளும் கிரிக்கெட், கால்பந்து, ஹாக்கி என ஆட்டங்களையும் கூடவே கொண்டுவந்தன. 1869இல் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கியது. அங்கும் பாம்பே சாப்பர்ஸ் படைப்பிரிவிலும் வேலை தேடித் தமிழ்க் குடும்பங்கள் பல வந்து குடியேறின. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் 1968இல் பிறந்தவர்தான் தன்ராஜ் பிள்ளை. தொழிற்சாலைக் குடியிருப்பில், உடைந்த மட்டைகளை ஒட்டுப்போட்டு ஆடப் பழகியவர் நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டி என்று ஆடி முடித்தார். கோவில்பட்டிக்காரர்களுக்குக் கட்கியைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. இரண்டுமே தெருவில் ஹாக்கி ஆடிய ஊர்கள்.

ஆனால் தன்ராஜின் கதை ஆண்பிள்ளைகளின் கதை. மாலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகும் உரிமை அதே குடியிருப்பின் பெண்பிள்ளைகளுக்கு எளிதில் கிடைத்ததில்லை. பெண்கள் ஹாக்கி வேறு வாசல் வழியாக வந்தது. கன்னிமாடப் பள்ளிகள், ஆங்கிலோ இந்தியர், கோவா கிறிஸ்தவர், பார்சிக் குடும்பங்கள், அவர்களின் சங்கங்கள் ஆகியவையே அந்த வாசல். அகில இந்திய மகளிர் ஹாக்கி அமைப்பு 1947இல் உருவானது. தேசியப் போட்டிக்கு லேடி ரத்தன் டாட்டா பெயரில் கோப்பை வைக்கப்பட்டது. 1960களில் அந்தப் போட்டியில் கோலோச்சியது மைசூர் அணி. பெங்களூரின் பிரிட்டோ சகோதரிகள் அதன் தூண்கள். மேற்கு இந்தியாவின் முறை அடுத்த பத்தாண்டில் வந்தது.

1980 மாஸ்கோ ஒலிம்பிக் அணியின் பெயர்ப் பட்டியலே இந்தச் சமூகப் பின்னணிக்குச் சான்று: மார்கரெட் டொஸ்கானோ, நாஸ்லீன் மதராஸ்வாலா, செல்மா டிசில்வா, லொரேன் பெர்னாண்டஸ், ஹுடோக்ஸி பாக்லி, எலிசா நெல்சன். கூடவே மகாராஷ்டிரத்தின் ரேகா முண்ட்பான்.

எலிசா நெல்சன்

எலிசா 1956இல் பிறந்தவர். மாஸ்கோவுக்குப் போகும்போது வயது 23. பெண்கள் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட ஆண்டு அது. எனவே அந்த அணியில் யாருக்கும் ஒலிம்பிக் அனுபவம் இல்லை. பதினாறு பேரும் முதலாண்டு மாணவிகள் என்றே சொல்லலாம். பல நாடுகள் புறக்கணித்ததால் ஆறு அணிகளே ஆடின. ஆஸ்திரியாவையும் போலந்தையும் இந்தியா வென்றது. ஜிம்பாப்வேயுடன் சமன் செய்தது. செக்கோஸ்லோவாக்கியாவிடமும் சோவியத் ஒன்றியத்திடமும் தோற்றது. ஐந்து புள்ளிகளுடன் நான்காம் இடம். வெண்கலம் பெற்ற சோவியத் அணிக்கு ஆறு புள்ளிகள். ஒரே ஒரு புள்ளியில் பதக்கம் நழுவியது. தங்கத்தை வென்றது, புறக்கணிப்பால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட ஜிம்பாப்வே.

இரண்டே ஆண்டுகளில் எலிசா அணித்தலைவியானார். 1982 டெல்லி ஆசியப் போட்டியில் பெண்கள் ஹாக்கி முதன்முறையாக இடம்பெற, இந்தியா தங்கம் வென்றது. தென்கொரியாவை ஆறு கோல் வித்தியாசத்தில் சாய்த்த ஆட்டத்தை அக்காலத்தவர் இன்றும் நினைவுகூர்வர். 1981இல் அர்ஜுனா விருதும் 1983இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. ஆசியப் போட்டிகளில் இந்திய மகளிர் அணி வென்ற ஒரே தங்கம் இன்றுவரை அதுதான்.

எலிசா போன்றோரைத் தாங்கிப் பிடித்தது ரயில்வே. எலிசாவும் ரயில்வே அணி ஆட்டக்காரர். ஒரு பெண் ஹாக்கியை இருபது வயதுக்கு மேலும் தொடர வேண்டுமானால் அன்றைக்கு நிலையான சம்பளம் தந்தது ரயில்வே மட்டுமே என்று சொன்னால் பெரிய மிகையில்லை. இதில் ஒரு சிக்கலும் இருந்தது. திறமையானவர்கள் வேலைக்குப் போனதும் மாநில அணியின் சீருடையைக் கழற்றிவிட்டு ரயில்வே சீருடை அணிந்தார்கள். ஊர் வளர்த்த ஆட்டக்காரர் ஊருக்காக ஆடாமல் போனார்.

புல் மாறியபோது

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. அதன் பிறகு ஹாக்கி பணக்கார ஆட்டமாகிவிட்டது. இயற்கைப் புல்லில் பந்து துள்ளும், திசை மாறும். மணிக்கட்டு வித்தைக்கு அங்கே மதிப்பு அதிகம். நீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு நேரே வரும். வேகமும் உடல் வலுவும் வேண்டும். மண் மைதானத்தில் பழகிய பெண், செயற்கைத் தரையில் முதல் முறை இறங்கும்போது பந்தை நிறுத்தவே தடுமாறுவார். இந்த இடைவெளியைக் கடக்கப் புனேக்கு நீண்ட காலம் பிடித்தது. 1994 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பாலேவாடியில் சிவ சத்ரபதி விளையாட்டு வளாகம் எழுந்தது. பிம்ப்ரி நேருநகரில் மேஜர் தியான்சந்த் ஹாக்கி அரங்கம் அமைந்தது.

மாஸ்கோவுக்குப் பிறகு இந்திய மகளிர் அணி மறுபடி ஒலிம்பிக்கை எட்டியது 2016 ரியோவில்தான். முப்பத்தாறு ஆண்டுகள். கன்னிமாடப் பள்ளி மரபு அதற்குள் மெலிந்துவிட்டது. இந்திய மகளிர் ஹாக்கியின் மையம் ஹரியானா, ஜார்க்கண்ட், ஒடிசா, மணிப்பூர் பக்கம் நகர்ந்துவிட்டது.

விடுதிப் பெண்கள்

புனேயின் இரண்டாம் காலத்தைத் தொடங்கி வைத்தது ஒரு அரசுத் திட்டம். மகாராஷ்டிர அரசு 1990களில் உருவாக்கிய கிரீடா பிரபோதினி என்னும் உறைவிட விளையாட்டுப் பயிற்சித் திட்டம், கிராமப்புறச் சிறார்களைத் தேர்ந்தெடுத்து, தங்குமிடமும் உணவும் படிப்பும் பயிற்சியும் அரசுச் செலவில் தருகிறது. தேர்வு முறைதான் கவனிக்க வேண்டிய ஒன்று. உயரம், எடை, குறுந்தூர ஓட்டம், நெடுந்தூர ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், கனமான பந்தை எறிதல், வளைந்து கால்விரலைத் தொடுதல் ஆகிய சோதனைகளே அங்கே நுழைவுத் தேர்வு. எந்த ஆட்டம் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. இந்த உடலுக்கு எந்த ஆட்டம் பொருந்தும் என்று பயிற்சியாளர்கள்தாம் முடிவு செய்கிறார்கள். ஆகவே ஹாக்கி மட்டையைத் தொட்டே பார்க்காத பெண்ணும் ஹாக்கி விடுதிக்குள் வர முடியும்.

வைஷ்ணவியும் அக்ஷதாவும் இப்படிப் புனே வந்த விவசாயக் குடும்பத்துப் பெண்கள். சாத்தாரா மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான பல்டண், மாண் வட்டாரங்கள் மழை மறைவுப் பிரதேசம். வறட்சி அங்கே நிரந்தர விருந்தாளி. அந்த வட்டாரம் விளையாட்டில் தந்திருப்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 2016 ஒலிம்பிக்கில் தடை ஓட்ட இறுதிக்கு முன்னேறிய லலிதா பாபர் மாண் வட்டத்துக்காரர். டோக்கியோ ஒலிம்பிக் வில்வீரர் பிரவீண் ஜாதவ் பல்டண் பகுதிக்காரர். அவரும் கிரீடா பிரபோதினி வழியாகவே வந்தவர். வறுமை வீரர்களை உருவாக்குகிறது என்று இதைப் பார்த்துச் சிலர் சொல்வதுண்டு. அது அபத்தம். வறுமை உருவாக்கியிருந்தால் நாடு முழுக்கப் பதக்கங்கள் குவிந்திருக்கும். மூன்று வேளை உணவும் ஒரு பயிற்சியாளரும் உருவாக்கினார்கள்.

2022 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் போட்செஃப்ஸ்ட்ரூமில் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. அந்த அணியில் வைஷ்ணவி நடுக்களத்திலும் அக்ஷதா தற்காப்பிலும் இடம்பெற்றனர். அதே ஆண்டு டப்ளினில் நடந்த 23 வயதுக்குட்பட்டோருக்கான ஐந்து நாட்டுத் தொடரில் வைஷ்ணவி இந்திய அணியை வழிநடத்தினார். மறு ஆண்டே மூத்தோர் அணியில் இடம்பிடித்து, ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் பெற்றார். 2024இல் பிகார் மாநிலம் ராஜ்கிரில் ஆசியச் சாம்பியன் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். இளையோர் அணியிலிருந்து மூத்தோர் அணிக்கு இத்தனை விரைவில் ஏறிய மகாராஷ்டிரப் பெண்கள் மிகச் சிலரே. ருதுஜா பிசாள், 2023 ஜூனில் ஜப்பானில் இந்தியா முதல் முறையாக வென்ற இளையோர் ஆசியக் கோப்பை அணியில் ஆடினார். அந்த ஆண்டின் இறுதியில் சிலியில் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் துணைத்தலைவியானார்.

புதியவர்கள் விரைவாக மின்ன, ஆட்டத்தின் விதிகளும் துணை நிற்கின்றன. எலிசா காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்குவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. களத்தில் இறங்கியவர் பெரும்பாலும் கடைசி வரை தாக்குப்பிடித்தாக வேண்டும். இன்று ஆட்டத்தின் போக்கில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆட்களை மாற்றலாம். பதினைந்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு. அனுபவமற்ற பெண்ணை ஐந்து நிமிடம் இறக்கிப் பார்த்து, திணறினால் வெளியே அழைத்து, பேசி, மறுபடி அனுப்பலாம்.

கல்லூரி எங்கே?

அமெரிக்காவில் இந்தக் கதை கல்லூரிக்குள் நடக்கிறது. பெண்கள் ஐஸ் ஹாக்கியில் அந்நாட்டுப் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களுக்கு வழங்கப்படும் உயரிய விருதான பேட்டி காஸ்மையர் விருதை, 2018இல் பாஸ்டன் கல்லூரியின் டேரில் வாட்ஸ் முதலாண்டிலேயே வென்றார். அவ்விருதைப் பெற்ற முதல் முதலாண்டு மாணவி அவர். அந்தப் பருவத்தில் அவர் அடித்தவை 42 கோல்கள். கோலடிக்க உதவியவை 40. அதே ஆண்டு வட கரோலினா பல்கலைக்கழகத்தின் எரின் மாட்சன், தரை ஹாக்கியில் முதலாண்டு மாணவியாகத் தோல்வியே காணாத அணியில் பட்டம் வென்றார். 2023இல் 22 வயதில் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். கல்லூரி அங்கே உதவித்தொகை, உறைவிடம், மருத்துவம், போட்டி என எல்லாவற்றையும் ஒரே கூரையில் தருகிறது.

ஐஸ் ஹாக்கி புனே மண்ணுக்கு வரவே இல்லை. இந்தியாவில் அது லடாக் பெண்களின் ஆட்டம். 2016இல் தைபேயில் முதல் பன்னாட்டுப் போட்டியில் இறங்கிய இந்திய மகளிர் அணி, அடுத்த ஆண்டு பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என வென்று முதல் வெற்றியைக் கண்டது. 2025இல் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் பெற்றது. அங்கும் ஆட்டக்காரர்களை ஆளாக்கியவை உறைந்த குளங்களும் ஊர்ச் சங்கங்களும்தாம்.

புனேயில் நிலைமை இதையொத்ததே. 1949இல் தொடங்கிய புனே பல்கலைக்கழகம் நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களுள் ஒன்று; பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மகளிர் ஹாக்கிப் போட்டிகளும் ஆண்டுதோறும் நடக்கின்றன. எனினும் கல்லூரியில் முதலாண்டு சேரும் வீராங்கனை அதற்கு முன்பே ஆறேழு ஆண்டுகள் விடுதியில் பயின்றவராக இருக்கிறார். கல்லூரி அவருக்குச் சான்றிதழ் தருகிறது, அவர் கல்லூரிக்குக் கோப்பை தருகிறார். புனேயில் கல்லூரி கடைசியாக வந்து சேரும் பங்காளி. அமெரிக்க முறையை இங்கே நகலெடுக்க வேண்டும் என்ற வாதம் அவ்வப்போது எழுகிறது. பதினெட்டு வயதுவரை ஒரு கிராமத்துப் பெண்ணுக்குச் சோறும் தரையும் யார் தருவது என்ற கேள்விக்கு அந்த முறையில் விடையில்லை.

2024 மார்ச்சில் மூத்தோர் மகளிர் தேசியச் சாம்பியன் போட்டி பிம்ப்ரி நேருநகர் அரங்கில் நடந்தது. சொந்த மண்ணில் இறுதிவரை முன்னேறிய மகாராஷ்டிரம் ஹரியானாவிடம் தோற்றது. அடுத்த ஜனவரியில் ராஞ்சியில் மகளிர் ஹாக்கி இந்தியா லீக் முதல் முறையாகத் தொடங்கியபோது நான்கு அணிகள் ஆடின: டெல்லி, வங்காளம், ஒடிசா, சூர்மா. மகாராஷ்டிரத்தின் பெயரில் ஒரு அணியும் இல்லை.