ஏணியும் சக்கர நாற்காலியும்: நம் கப்பல் வரலாற்றில் ஒரு விடுபட்ட பக்கம்

தமிழர் குடியேற்றம் என்று தலைப்பு வந்தாலே நாம் கங்காணி, ரப்பர், லயம் என்று எழுதிவிடுகிறோம். நடுவில் ஒரு கடல் இருக்கிறது. அதைக் கடந்த விதத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். நடக்க முடியாத ஒருவர் அந்தக் கடலை எப்படிக் கடந்தார் என்று எப்போதாவது யோசித்தீர்களா? நானும் யோசித்ததில்லை, போன வருசம் வரைக்கும்.

தாசேக் கெலுகோரில் எங்கள் வீட்டில் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. மூட்டுவலியால் சக்கர நாற்காலிதான். ஆறு வயதில் ரஜூலா கப்பலில் வந்தவர். "இன்னொரு தடவ கப்பல் ஏறணும்யா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பள்ளி விடுமுறையில் பினாங்கிலிருந்து புறப்படும் ஓர் உல்லாசக் கப்பலில் மூன்று இரவுக்குப் பதிவு செய்தோம். அந்தப் பயணத்தில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

முதலில் ரஜூலாவைப் பார்ப்போம். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமானது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. ஐயாயிரம் பேர்! படுக்கை கிடையாது, பாயை விரித்த இடம்தான் உங்கள் இடம். அதன் உடன்பிறப்பான ரோனா 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியக் குண்டுக்குப் பலியாகி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரோடு மூழ்கியது. ரஜூலா தப்பித்து, 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் பின் எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985இல் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்த பிறகு, நம் கடல்வழிப் போக்குவரத்தும் முடிந்துபோனது.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது, ஆழம் போதாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். மக்கள் படகில் போய், அலை ஆட்ட ஆட்ட, கப்பலின் பக்கவாட்டு ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். பாட்டியோடு வந்த அவருடைய அப்பத்தாவுக்குக் கால் வராது. "ஒரு கலாசி முதுகுல தூக்கிட்டு ஏறுனாரு, அப்பத்தா கண்ணத் தொறக்கவே இல்ல" என்கிறார் பாட்டி. சென்னையிலும் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் இதே கதைதான். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டி, கடைசியில் படகோட்டிகளின் தோளில் கரையேறியவர்களில் வெள்ளைக்காரத் துரைமார்களும் உண்டு.

அப்பத்தா குடும்பத்தோடு சொந்தச் செலவில் வந்தவர். தொழிலாளராக வந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் மருத்துவச் சோதனையைத் தாண்ட வேண்டும். உடல் வலு இல்லையென்றால் அங்கேயே நிறுத்தம். இங்கே வந்த பிறகு பினாங்குக்குப் பக்கத்துப் புலாவ் ஜெரஜாக் தீவில் தடுத்துவைப்பு. தொழிலாளர் கப்பல் கட்டணத்தைச் செலுத்த 1907இல் ஒரு குடியேற்ற நிதி தொடங்கப்பட்டது. உழைக்க முடியாமல் போனவர்களைத் திருப்பி அனுப்பியதும் அதே நிதிதான். மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மலாக்கோப் போன்ற நம் வட்டாரத் தோட்டங்களில் கை கால் ஓய்ந்தவருக்கு இலவசக் கப்பல் சீட்டு என்றால், அது ஊருக்குத் திரும்பும் சீட்டு. வரும்போது சோதித்து எடுத்தார்கள், தேய்ந்ததும் ஏற்றி அனுப்பினார்கள். இதை நான் கருணை என்று எழுத மாட்டேன். நீங்கள் வேறு விதமாக வாதிட்டாலும், ஆதாரத்தோடு எழுதினால் சரிதான். 1938 ஜூனில் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தையே தடை செய்தது.

எங்கள் பயணத்துக்கு வருகிறேன். தாசேக் கெலுகோரில் கொமுட்டர் ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி, அப்புறம் சுவெட்டன்ஹாம் துறை. கப்பலில் அகலக் கதவு வைத்த அறை, குளியலறையில் கைப்பிடி, மின்தூக்கி எல்லாம் இருந்தன. பாட்டி இரண்டு நாள் ராணிபோல வலம் வந்தார். புக்கெட்டில்தான் சிக்கல். அங்கே பாத்தோங் கடற்கரையில் பெரிய கப்பல்கள் பொதுவாகத் தள்ளி நிற்கும், சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அன்று அலை கொஞ்சம் அதிகம். சக்கர நாற்காலியை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆபத்து என்றார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பணம் வாங்கும்போது யாரும் இதைச் சொல்லவில்லை. "நாகப்பட்டினம் மாதிரியேதான் இருக்கு, தூக்கத்தான் ஆள் இல்ல" என்று பாட்டி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008 பொதுப் போக்குவரத்து, பொழுதுபோக்கு இரண்டிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. ஆனால் மீறினால் தண்டனை என்று அதில் ஒரு பிரிவும் இல்லை. ஐ.நா. உடன்படிக்கையை நாம் 2010இல் ஏற்றோம். அதன் 30ஆம் பிரிவு ஓய்வையும் சுற்றுலாவையும் பேசுகிறது. அமெரிக்காவில் ஸ்பெக்டர் என்பவரும் வேறு சில பயணிகளும் தொடுத்த வழக்கில், வெளிநாட்டுக் கொடி ஏந்திய உல்லாசக் கப்பலும் அமெரிக்கக் கடற்பரப்பில் அந்நாட்டு மாற்றுத்திறனாளிச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்சநீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. கப்பலின் உள்விவகாரத்தில் தலையிடும் அளவு பெரிய கட்டமைப்பு மாற்றங்களை மட்டும் கட்டாயமாக்கவில்லை.

பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ கூட்டிப்போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவு செய்யும் முன், எந்த ஊரில் கப்பல் துறையில் கட்டப்படும், எந்த ஊரில் படகு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாற்காலியின் அகலத்தையும் எடையையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படிவம் 4, 5 மாணவர்களுக்கு வாய்மொழி வரலாற்றுப் பயிற்சி ஒன்று: வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கப்பலில் வந்த ஒருவர் இன்னும் இருந்தால், எந்த ஆண்டு, எந்தக் கப்பல் என்பதோடு, யார் உங்களைத் தூக்கி ஏற்றினார் என்றும் கேட்டுப் பாருங்கள். எங்கள் பாட்டிக்கு அந்தக் கலாசியின் பெயர் தெரியாது. அவர் தலையில் கட்டியிருந்த நீலத் துண்டு மட்டும் நினைவிருக்கிறது.