பத்து ஆராங்: வட சிலாங்கூரின் கரிநகரம்

மலேசியத் தமிழர் வரலாறு என்றதும் நம் நினைவில் எழுவது பால்மரக் காடு. ஆயின், கோல சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு அண்மையிலேயே கரியால் வாழ்ந்த ஊர் ஒன்று உண்டு. 'நிலக்கரி' என்னும் பொருள்தரும் மலாய்ச் சொல்லே அதன் பெயர்: பத்து ஆராங்.

1915இல் இங்குத் தொடங்கிய சுரங்கத்தின் கரியே மலாயாவின் புகைவண்டிகளை ஓட்டியது. செங்கற்சூளைகளும் உடன் எழுந்தன. சீனர் பெரும்பான்மையினர், தமிழரும் உழைத்தனர். 1937 மார்ச்சில் தொழிலாளர் சுரங்கத்தையே தம் வசமாக்கினர். அரசு காவற்படையை ஏவி அதனை மீட்டது. பின்னர் எண்ணெய் கரியின் இடத்தைப் பிடிக்க, 1960இல் சுரங்கம் மூடப்பட்டது.

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1986இல் மூடப்பட்ட சோல்வெரைன் சுரங்கம், 2001இல் உலக மரபுச் சின்னமாயிற்று. நம் ஊரிலோ சூளைப் புகைபோக்கிகள் புதரிடையே நிற்கின்றன. தோட்டத்துப் பாட்டியரின் கதைகளைத் திரட்டும் நாம், இச்சுரங்கத்தாரை ஏனோ மறந்தோம். மூடியபோது இருபது வயதினராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர்.