மகாலனோபிஸின் எட்டு எண்கள்

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவைப் பேராசிரியர் மகாலனோபிஸ் 1955-ஆம் ஆண்டில் வகுத்தளித்தார். அதற்கு அடிப்படையான கணக்கைப் பிரித்துப் பார்த்தால், நாம் பள்ளியில் பயின்ற சமன்பாடுகளே அதில் உள்ளன. மலைப்பதற்கு ஒன்றுமில்லை.

நாட்டின் பொருளாதாரத்தை அவர் நான்கு துறைகளாகப் பகுத்தார்: எஃகு, இயந்திரம் முதலிய முதலீட்டுப் பண்டங்கள், ஆலைகளில் ஆகும் நுகர்பொருள்கள், வேளாண்மையும் குடிசைத் தொழிலும், கல்வி, மருத்துவம் போன்ற பணிகள். ஒவ்வொரு துறைக்கும் இரண்டு எண்கள் வேண்டும். ஒருவருக்கு வேலை தர எவ்வளவு முதல் தேவை என்பது ஒன்று. ஒரு ரூபாய் முதலால் ஆண்டு வருமானம் எவ்வளவு கூடும் என்பது மற்றொன்று. முதல் துறைக்கு 20,000 ரூபாயும் 20 காசும் என்று கொண்டார். குடிசைத் துறைக்கோ 2,500 ரூபாயும் 1 ரூபாய் 25 காசும்.

இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன? தேசிய வருமானக் குழு அமைந்ததே 1949-இல். தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது 1950-இல். நீண்டகாலப் புள்ளிவிவரம் இல்லாத நிலையில், கிடைத்த தகவலோடு மதிப்பீட்டையும் சேர்த்தே எண்களைப் பொருத்த வேண்டியிருந்தது.

மொத்த முதல் 5,600 கோடி ரூபாய். புதிய வேலைகள் 1 கோடியே 10 லட்சம். வருமான உயர்வு ஆண்டுக்கு 5 சதவீதம். முதலில் மூன்றிலொரு பங்கை முதலீட்டுப் பண்டங்களுக்கென முன்னரே ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை இவ்விலக்குகள் சரியாக அமையுமாறு பங்கிட்டார். குடிசைத் துறைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1,180 கோடி.

இங்கேதான் சிக்கல். வேலை தருவதிலும் வருமானம் தருவதிலும் அத்துறையே முதலிடம் பெறுகிறதன்றோ? அவ்வாறாயின் அதில் மட்டும் 2,750 கோடி ரூபாய் இட்டாலே இரு இலக்குகளும் கைகூடும் என்று அதே எண்கள் சொல்கின்றன! சமன்பாடு இலக்கை எட்டும் வழியைக் காட்டிற்றேயன்றி, சிறந்த வழியைத் தேடவில்லை. ஜப்பானியப் பொருளியலறிஞர் கோமியா 1959-இல் இக்குறையை எடுத்துரைத்தார்.

அதனால் பேராசிரியரின் நோக்கமே பிழையென்று நாம் கருதவில்லை. இயந்திரத்தில் இடும் முதலின் முழுப்பயன் ஐந்தாண்டுக்கு அப்பாலே கிட்டும். அதனை நீண்டகாலக் கணக்கொன்றில் அவர் தனியே காட்டியிருந்தார். குடிசைத் தொழில் அத்தனை கோடியைத் தாங்குமா, அதன் பண்டங்களை வாங்குவோர் உளரா என்பவற்றைச் சொல்ல எட்டு எண்களில் எதுவுமில்லை. இறக்குமதிக்கும் அச்சமன்பாடுகளில் இடமில்லை. 1957-இல் அயல்நாட்டுச் செலாவணி அருகியபோது, திட்டத்தின் பல வேலைகளைக் குறைக்கவும் தள்ளிவைக்கவும் நேர்ந்தது.