மல், கஞ்சி ஹவுஸ்

மல், கஞ்சி ஹவுஸ் ஆகிய இரண்டும் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து இந்தியாவில் வெள்ளை அலுவலரும் படைவீரரும் தமக்குள் வழங்கிய கொச்சைச் சொற்கள். இரண்டின் வேரும் தமிழர் அடுக்களையில் உள்ளது.

மிளகுத்தண்ணீர் என்னும் சொல் ஆங்கிலேயர் நாவில் ‘மல்லிகட்டானி’ எனத் திரிந்து ஒரு சூப்பின் பெயராயிற்று. அதன் முதற்பகுதியே ‘மல்’. பம்பாய் அலுவலருக்கு ‘டக்’ என்ற பட்டப்பெயர் இருந்ததுபோல், சென்னை மாகாண அலுவலருக்கு இது கேலிப்பெயராக வழங்கியது. எலப்புள்ளி என்னும் ஊரை உள்ளிட்ட பாலக்காட்டுப் பகுதி 1800 முதல் மலபார் மாவட்டத்தோடு சென்னை மாகாணத்தில் இருந்தமையால், அங்குப் பணியாற்றிய ஆங்கிலேயரும் ‘மல்’ என்ற பெயருக்கு உரியவரே.

கஞ்சி ஹவுஸ் என்பது படைப்பிரிவின் தற்காலிகச் சிறைக்கொட்டடி. குடித்துவிட்டுக் கலகம் செய்த வீரரை அடைத்து, வழக்கமாகக் கஞ்சியே கொடுத்ததால் வந்த பெயர். எலப்புள்ளிப் பக்கத்தில் தமிழர் ‘கஞ்சி’ என்பதை மலையாளிகள் ‘கஞ்ஞி’ என்பர். ஆங்கிலச் சொல்லில் ஒலிக்கும் ஜகரம், தமிழில் ஞகர ஒற்றை அடுத்து வரும் சகரத்தின் ஒலியே ஆகையால், அது தமிழ் வடிவத்துக்கே நெருக்கமானது என்பது தெளிவு. சீனரின் அரிசிக்கஞ்சியையும் ஆங்கிலம் இப்பெயராலேயே குறிக்கிறது.

மைசூரை ஆண்ட ஐதர் அலியின் சிறையிலிருந்த கடற்படையாளர் ஒருவர் பாடியதாக 1784-இல் வெளிவந்த பாட்டு, பெங்களூர்ச் சிறையுணவாக மிளகுத்தண்ணீரையும் கஞ்சியையும் சேர்த்தே சொல்கிறது. எளியவரின் உணவு, ஓரிடத்தில் அதிகாரிகளின் விளையாட்டுப் பெயராகவும் மற்றோரிடத்தில் தண்டனையின் பெயராகவும் ஆனது. பின்னதே கனமான வரலாறு உடையது. மல் ஒரு கூட்டத்தின் கேலியோடு நின்றுவிட, கஞ்சி ஹவுஸோ பசித்த கைதியின் வயிற்றைக் காட்டுகிறது.

இவ்விரு சொற்களையும் பதிவுசெய்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886-இல் வெளிவந்தது. ஹென்றி யூலோடு அதைத் தொகுத்த ஏ. சி. பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அவ்வகையில் அவரும் ஒரு ‘மல்’தான். நூல் அச்சேறும் முன்பே, 1882-இல் அவர் இறந்தார்.

மாகாணங்கள் மறைந்தபின் ‘மல்’ வழக்கொழிந்தது. கஞ்சி ஹவுஸ் வடக்கே சென்று, பயிர்மேய்ந்த மாடுகளை அடைக்கும் கொண்டித் தொழுவத்தின் பெயராயிற்று என்று ஒரு கருத்து உண்டு. இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் ‘இரு காளைகளின் கதை’யில் காளைகள் பட்டினியோடு அடைபடும் இடமும் அதுவே. இந்தி பேசும் ஊர்களில் அத்தொழுவத்துக்கு இன்றும் ‘காஞ்சி ஹவுஸ்’ என்றே பெயர்.