சல்பா மருந்தும் குறைமாதக் குழந்தைகளும்

பிறந்த குழந்தையின் சிவப்பணுக்கள் பெரியவர்களுடையதைவிடக் குறைந்த காலமே வாழ்கின்றன. அவை சிதையும்போது ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. இதை வெளியேற்ற உதவும் கல்லீரல் நொதி முதல் நாட்களில் முழுத் திறனுடன் இயங்குவதில்லை. அதுவரை பிலிருபினைப் பற்றிவைத்திருப்பது இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதம். இந்த ஏற்பாட்டை ஒரு மருந்து குலைக்கக்கூடும் என்பது 1950களில், யாரும் எதிர்பாராத வகையில் தெரியவந்தது.

அக்காலத்தில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமலிருக்க முன்கூட்டியே மருந்து கொடுப்பது வழக்கம். நியூயார்க்கில் இருந்த பேபீஸ் மருத்துவமனையில் வில்லியம் சில்வர்மன், டோரதி ஆண்டர்சன் உள்ளிட்டோர் இரு மருந்து முறைகளை ஒப்பிட்டனர். ஒரு பிரிவுக்குப் பெனிசிலினும் சல்பிசாக்சசோல் என்னும் சல்பா மருந்தும், மற்றதற்கு ஆக்சிடெட்ராசைக்ளின். எந்தக் குழந்தைக்கு எது என்பது சமவாய்ப்பு முறையில் முடிவானது. 1956-இல் வெளியான முடிவின்படி, சல்பா பெற்ற பிரிவில் இறப்பு அதிகம். இறந்த குழந்தைகள் பலரின் மூளைப் பகுதிகளில் மஞ்சள் கறை படிந்திருந்தது. இந்நிலை கெர்னிக்டிரஸ் எனப்படுகிறது. ஒப்பீட்டுப் பிரிவு மட்டும் இல்லாதிருந்தால், இந்த இறப்புகள் குறைமாதப் பிறப்பின் கணக்கிலேயே சேர்ந்திருக்கும்.

காரணத்தை 1959-இல் ஜெரார்டு ஓடெல் விளக்கினார். சல்பா மருந்து அல்புமினில் பிலிருபின் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விடுபட்ட பிலிருபின் திசுக்களுக்குள், மூளைக்குள்ளும், நுழைகிறது. இரத்தத்தில் அதன் அளவோ குறைந்து காணப்படும். ஆகவே பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் ஆறுதலடையவே வாய்ப்பு அதிகம்.

சல்பா மருந்துகள் சில சிவப்பணுவையே தாக்குவதும் உண்டு. மைட்டோகாண்டிரியா இல்லாத இவ்வணு, ஆக்சிசனேற்றப் பாதிப்பிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஜி6பிடி என்னும் நொதியை நம்பியிருக்கிறது. பிரிமாகுயின் என்னும் மலேரியா மருந்தால் சிலருக்குச் சிவப்பணுக்கள் சிதைவது இந்நொதிக் குறைபாட்டால்தான் என்று சிகாகோ ஆய்வாளர்கள் அதே 1956-இல் காட்டினர். இக்குறைபாடுள்ள குழந்தைக்குச் சல்பா இரட்டை இடர்: பிலிருபின் கூடுதலாக உண்டாகலாம், அதைப் பற்றிவைக்கும் இடமும் பறிபோகிறது.

இன்று பிறந்த குழந்தைகளுக்குச் சல்பா மருந்துகள் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. பிற்காலத்தில் வந்த செஃப்ட்ரியாக்சோனும் அல்புமினிலிருந்து பிலிருபினை அகற்றுவதால், மஞ்சள் காமாலையுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு அதையும் கொடுப்பதில்லை.