60 கிலோமீற்றரைக் கடக்க 39 வருசம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய குடிகாரன் இல்லை. கிங்ஸ்பரியில் ஒரு றெஸ்ரோரண்ட் கிச்சினில் பதினைந்து வருசமாக அடுப்போடு நிற்கிறவன். வேலை முடிந்து வீட்டுக்கு வர இரவு பன்னிரண்டு தாண்டிவிடும். அதற்குப் பிறகு குடிக்கவும் தெம்பிருக்காது. அப்படிப்பட்ட நான் உலகத்திலேயே பெரிய பியர்த் திருவிழாவுக்குப் போய்வந்தேன் என்று சொன்னதும் கூட வேலை செய்யும் பெடியள் கேட்ட முதற் கேள்வி, "எத்தினை அண்ணை அடிச்சனீங்கள்?" என்பதுதான். ஒன்று. அதிலும் பாதியை மாமா குடித்தார்.

இதை எழுதக் காரணமும் மாமாதான். இன்னொரு காரணமும் உண்டு. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன், ஆனால் முடிக்கவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடுப்பட்டதோடு என்னுடைய படிப்பும் மூடுப்பட்டது. அரைகுறையாகப் படித்த வரலாறு ஆளை லேசில் விடாது. எங்கே போனாலும் இது எப்போது தொடங்கியது, ஏன் தொடங்கியது, யார் காசு கொடுத்தார்கள் என்று மண்டைக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. 1984இல் இருபது வயதில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் வந்து இறங்கியவர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் வந்த பாதை அது. கிழக்கு ஜேர்மன்காரன் போகிற வழிக்கான விசா தருவான். பிறீட்றிக்ஸ்ற்றாச நிலையத்தில் ரெயின் ஏறினால் மேற்கு பேர்லின். நகரத்தின் நடுவே எல்லை ஒன்று இருப்பதையே மேற்குப் பக்கம் ஒத்துக்கொள்ளாததால் அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. இரண்டு அரசுகளின் வீம்புக்கு நடுவில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளால் ஆயிரக்கணக்கான தமிழர் வந்து அசூல் அடித்தார்கள். மாமாவைப் பிறகு பவேரியா மாநிலத்துக்கு அனுப்பி, அவுக்ஸ்பேர்க் பக்கம் ஒரு அகதிகள் விடுதியில் விட்டார்கள். அங்கிருந்து முனிச் நகரம் 60 கிலோமீற்றர் அளவு. ரெயினில் முக்கால் மணித்தியாலம்.

அந்த 60 கிலோமீற்றரைத்தான் மாமாவால் கடக்க முடியவில்லை.

1982இல் வந்த தஞ்சச் சட்டத்தின்படி அசூல் கேட்டவர் தன் பதிவு இருக்கிற மாவட்டத்தை விட்டு அனுமதித் துண்டு இல்லாமல் வெளியே போகக்கூடாது. ரெசிடென்ஸ்ஃப்ளிக்ற் என்பார்கள். வதிவிடக் கடமை என்று சொல்லலாம். பக்கத்து ஊரில் சொந்தக்காரரின் கலியாணம் என்றாலும் துண்டு வேண்டும். முதல் தரம் பிடிபட்டால் தண்டப்பணம். திரும்பப் பிடிபட்டால் குற்ற வழக்கு, சிறை வரைக்கும் போகலாம். வேலை செய்யவும் தடை.

1986இல் யாரோ ஒருவர் மாமாவிடம், முனிச்சில் பெரிய பியர்த் திருவிழா நடக்கிறது, அங்கே கோப்பை கழுவ ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். துண்டு இல்லாமல் ரெயின் ஏறிப் போயிருக்கிறார். முனிச் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிசமும் ஆகவில்லை, பொலிஸ் மறித்துவிட்டது. பியரின் மணம்கூடப் பிடிக்கவில்லை என்று இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார். அந்தத் தண்டத்தைக் கட்ட நாலு மாதம் பிடித்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பதில்லை.

பிறகு விசா கிடைத்தது, வேலை கிடைத்தது, மாமி வந்தா, பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆனாலும் போகவில்லை. "குடிச்ச வெள்ளைக்காரர் நிறைஞ்ச இடத்துக்கு என்னத்துக்கடா?" என்பார். அந்தப் பயத்துக்கும் காரணம் இருந்தது. 1992இல் றொஸ்ரொக் நகரத்தில் வியட்நாமியர் குடியிருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தபோது சனம் நின்று கைதட்டியது. அதே வருசம் மொல்ன், அடுத்த வருசம் சோலிங்கன், இரண்டு இடத்திலும் துருக்கிக் குடும்பங்கள் வீட்டோடு எரிந்தன. அந்த நாட்களில் கூட்டம் என்றாலே எங்கள் ஆட்கள் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவார்கள்.

2023 செப்ரெம்பர் கடைசிக் கிழமை எனக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது. மாமா வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை காலை தேத்தண்ணி குடிக்கும்போது, "மாமா, இண்டைக்கு முனிச்சுக்குப் போவமோ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு போனை எடுத்து ஒரு ரிக்கெற்றைக் காட்டினார். அந்த வருசம் மே மாதம் ஜேர்மனியில் அறிமுகமான மாத ரிக்கெற். அப்போது 49 யூரோ. நாடு முழுக்க உள்ளூர் ரெயின், பஸ் எல்லாவற்றிலும் போகலாம். "இப்ப ஒருத்தனிட்டையும் துண்டு கேக்கத் தேவையில்லை. வெளிக்கிடு" என்றார்.

ரெயினில் கால் வைக்க இடமில்லை. தோல் காற்சட்டை போட்ட பெடியள், பாவாடையும் இறுக்கின சட்டையும் போட்ட பெட்டையள். சிலர் காலை பத்து மணிக்கே கையில் போத்தலோடு நின்றார்கள். எங்கள் ஊர் தேர்த் திருவிழாவுக்குப் போகிற பஸ்தான் ஞாபகம் வந்தது. வேட்டிக்குப் பதில் தோல் காற்சட்டை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி என் மண்டையில் அரித்த கதைக்கு வருகிறேன். இந்தத் திருவிழா பியருக்காகத் தொடங்கியது இல்லை. 1810 ஒக்ரோபர் 12ஆம் திகதி பவேரிய இளவரசர் லூட்விக், தெரேசா என்ற இளவரசியைக் கலியாணம் கட்டினார். ஐந்து நாள் கழித்து, 17ஆம் திகதி, நகர வாசலுக்கு வெளியே ஒரு புல்வெளியில் குதிரை ஓட்டம் வைத்தார்கள். அந்த இடத்துக்கு மணப்பெண்ணின் பெயரையே வைத்தார்கள். இன்றும் அதுதான் பெயர், தெரேசாவின் புல்வெளி. அடுத்த வருசம் விவசாயக் கண்காட்சி சேர்ந்தது. 1819இல் நகரசபை பொறுப்பெடுத்தது. பெரிய பியர் மண்டபங்கள் வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். ஒக்ரோபர் குளிருக்குப் பயந்து காலப்போக்கில் திருவிழாவைச் செப்ரெம்பருக்கு இழுத்துவிட்டார்கள், பெயர் மட்டும் ஒக்ரோபரிலேயே நின்றுவிட்டது.

ஒரு அரச கலியாணத்துக்கு ஏன் இவ்வளவு எடுப்பு? பவேரியா இராச்சியமானதே 1806இல்தான், அதுவும் நெப்போலியனின் தயவில். அந்த வருசங்களில் பக்கத்திலிருந்த பல பகுதிகளை அதோடு சேர்த்துவிட்டார்கள். நேற்றுவரை வேறு அரசின் கீழும் வேறு மதத்திலும் இருந்த சனத்தை, "நீங்களும் பவேரியர்தான்" என்று நம்பவைக்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் திருவிழா. 1810இல் நாட்டின் ஒன்பது மாவட்டங்களின் பெயரில் பிள்ளைகளை உடுப்பு உடுத்தி அரச குடும்பத்தின் முன்னால் நிறுத்தினார்கள். இன்னும் வேடிக்கை, மணப்பெண் தெரேசா பவேரியப் பெண்ணே இல்லை. கத்தோலிக்க அரண்மனைக்கு வந்த லூதரன் மதத்தவர், கடைசிவரை மதம் மாறவும் இல்லை. குதிரை ஓட்டத்துக்கு முன்னின்ற டல்லார்மி என்ற வியாபாரி, இன்று இத்தாலியில் இருக்கிற திரென்ரோ ஊரில் பிறந்தவர். பவேரியரின் தனிப் பெருமை என்று சொல்கிற திருவிழாவை வந்தேறிகள் இல்லாமல் தொடங்க முடியவில்லை.

அதே திருவிழாவில் இன்னொரு விதமான வெளியூர்க்காரரையும் கொண்டுவந்தார்கள், விருந்தாளியாக இல்லை, காட்சிப் பொருளாக. 1910இல், நூறாவது ஆண்டில், ஜேர்மனியின் குடியேற்ற நாடாக இருந்த சமோவாவிலிருந்து ஒரு குழுவைக் கூட்டிவந்து சனத்துக்குக் காட்டினார்கள். அந்தக் குழுவின் தலைவர் தமசேசே தன்னை அரசுமுறை விருந்தாளி என்று நினைத்துத்தான் கப்பல் ஏறினார். பார்க்க வந்தவர்களோ ரிக்கெற் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் தீவும் தப்பவில்லை. ஹம்பேர்க்கின் மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக் 1880களில் இலங்கையிலிருந்து யானைகளையும் மனிதரையும் ஒன்றாகக் கொண்டுவந்து ஜேர்மனிய நகரங்களில் காட்டினவர். அவருடைய சகோதரர் ஜோன் ஹாகன்பெக் கொழும்பிலேயே தங்கியவர். அவர் தொடங்கிய மிருகத் தோட்டத்தைத்தான் 1936இல் அரசாங்கம் எடுத்தது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நாங்கள் வரிசையில் நின்று பார்த்த தெகிவளை மிருகக்காட்சிச்சாலை அதுதான். லண்டன்காரர் சிரிக்கவேண்டாம். நான் இருக்கிற கிங்ஸ்பரிக்குப் பக்கத்து வெம்பிளியில் 1924, 1925இல் நடந்த பேரரசுக் கண்காட்சியிலும் இலங்கைக்கு ஒரு மண்டபம் இருந்தது, குடியேற்ற நாட்டு மனிதரும் பார்வைக்கு இருந்தார்கள்.

முனிச்சுக்குத் திரும்புவோம். நிலையத்திலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். மாமா பழைய இடத்தைத் தேடி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

திருவிழா வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நினைவிடம் இருக்கிறது. 1980 செப்ரெம்பர் 26 இரவு அந்த வாசலில் குண்டு வெடித்தது. வைத்தவனோடு சேர்த்து 13 பேர் இறந்தார்கள், 200க்கு மேற்பட்டவர்கள் காயம். வைத்தவன் 21 வயது மாணவன், நாசிக் கும்பலோடு தொடர்புள்ளவன். சொந்தப் பிரச்சினையில் தனியாகச் செய்தான் என்று 1982இல் விசாரணையை மூடினார்கள். 2014இல் திரும்பத் திறந்து, 2020இல்தான் வலதுசாரித் தீவிரவாதம் என்று அரச வழக்குத் தொடுநர்கள் சொன்னார்கள். நாற்பது வருசம்! உண்மைக்காக இவ்வளவு காலம் காத்திருப்பது எங்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். அந்த இடத்தில் மாமா செருப்பைக் கழற்றப் போனவர், சப்பாத்து என்று ஞாபகம் வந்து நிறுத்திவிட்டார்.

2016இலிருந்து சுற்றிவர வேலி, பெரிய பை கொண்டுபோகவும் தடை. காவலாளி மறித்ததும் மாமாவின் கை தன்னாலே சட்டைப் பைக்குப் போனது. அவர் கேட்டது பையைத்தான், துண்டை இல்லை. பார்த்துவிட்டு, "சந்தோசமா இருங்கோ" என்பது போல ஒன்று சொல்லி உள்ளே விட்டார்.

உள்ளே சனமென்றால் சனம். அந்த வருசம் மொத்தம் 72 இலட்சம் பேர் வந்ததாகக் கணக்கு. மண்டபங்கள் நிறைந்து கதவைப் பூட்டிவிட்டார்கள். வெளி வாங்கில் இடம் பிடிக்க ஒன்றரை மணித்தியாலம். இருக்க இடமில்லாவிட்டால் பியர் தரமாட்டார்கள். முனிச்சிலேயே காய்ச்சுகிற ஆறு கொம்பனிகளின் பியர்தான் விற்கலாம். ஒரு லீற்றர் கண்ணாடிக் குவளைக்கு மாஸ் என்று பெயர். எங்கள் சினிமா மாஸ் இல்லை. அந்த வருசம் விலை இடத்துக்கு இடம் 12.60 யூரோவிலிருந்து 14.90 வரை இருந்தது.

நான் பியரைவிட வேலைக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் பழக்கம். நிறைந்த குவளை ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல். பரிமாறுகிற பெண் பத்துக் குவளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நடக்கிறா. மேசைக்கு வரும்போது சிரிப்பு, திரும்பும்போது மணிக்கட்டை உதறிக்கொள்கிறா. அந்த உதறலை எனக்குத் தெரியும். பின்பக்கத்தில் கோழி சுடுகிற வெக்கையும் கோப்பை கழுவுகிற சத்தமும். 1986இல் மாமா நிற்க நினைத்த இடம்.

எங்கள் வாங்கில் நாலு கிழவர்கள் இருந்தார்கள். ஒருவர் மாமாவைக் கேட்டார், "நீங்கள் எங்கேயிருந்து?" இந்தக் கேள்வி உங்களுக்கும் பழக்கம். மாமா அமைதியாக, "அவுக்ஸ்பேர்க்" என்றார். அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும், "அது சரி, உண்மையில் எங்கே?" ஆனால் அந்தக் கிழவர் மேசையில் தட்டிச் சிரித்து, "அட, சுவாபியனா! அப்ப நீ சரியான பவேரியன் இல்லை!" என்றார்.

பகிடி விளங்காதவர்களுக்கு: அவுக்ஸ்பேர்க் சுவாபியப் பகுதி. தனி நகர அரசாக இருந்ததைப் பவேரியா விழுங்கியது 1806இல். இருநூறு வருசம் கழிந்தும் முனிச்காரர் அவர்களைச் சுவாபியர் என்று நக்கலடிக்கிறார்கள். 39 வருசத்தில் முதற் தடவையாக ஒருவர் மாமாவை வெளியாள் என்று சொன்னது, அவுக்ஸ்பேர்க்காரன் என்பதற்காக! மாமா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அது முழுக்கச் சிரிப்பில் வந்த தண்ணீர்தானா என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது, "சனத்துக்குள்ள ஒருத்தனா நிக்கிறதும் ஒரு சுகம்தான்டா" என்றார். ஹம் நகரத்தில் எங்கள் ஆட்கள் 1993இல் காமாட்சி அம்மனை வீதிக்குக் கொண்டுவந்த கதையும் அதுதான். பூட்டிவைத்துக் காட்டுவதற்கும், நாங்களாக வீதிக்கு வருவதற்கும் உள்ள வித்தியாசம்.

கடைசியாக ஒன்று. அந்த வதிவிடக் கடமையை ஜேர்மனி 2015இல் பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்தோடு முடித்துக்கொண்டது. இங்கே இங்கிலாந்தில் தஞ்சம் கேட்டவர் ஒரு வருசம் காத்திருந்தும் பிறகு அனுமதி எடுத்துத்தான் வேலை தேடலாம், அதுவும் பட்டியலில் உள்ள வேலைகள் மட்டும். கிங்ஸ்பரி றோட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "படகில வாறவங்களால நாடு கெட்டுப் போச்சு" என்று கதைக்கிற எங்கள் ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களும் ஒரு காலத்தில் யாரோ ஒருவனின் ஓட்டைக்குள்ளால் வந்தவர்கள்தான். அடுத்த முறை அப்படிக் கதைக்க வாயெடுக்கும்போது, ஒரு மனிதனுக்கு 60 கிலோமீற்றரைக் கடக்க 39 வருசம் எடுத்தது என்பதை ஒருக்கால் நினைத்துக்கொள்ளுங்கள்.