ஓலை விட்டுப்போன புள்ளி: எழுத்துக் கருவிகளின் மாற்றமும் மரபும்

மெய்யெழுத்து புள்ளி பெற்று நிற்கும் என்பது தொல்காப்பிய விதி. குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளி உண்டு என்று அதே நூல் சொல்கிறது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் சிலவற்றில் புள்ளி காணப்படுகிறது. ஆகவே விதி ஏட்டோடு நின்றுவிட்ட ஒன்றன்று. ஆனால் பிற்கால ஓலைச்சுவடி ஒன்றை விரித்துப் பார்ப்பவர் கண்ணுக்குப் புள்ளி அகப்படுவது அரிது. ஓலையிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து தட்டச்சுக்கும், அங்கிருந்து கணினிக்கும் தமிழ் எழுத்து இடம்பெயர்ந்தபோது இந்தப் புள்ளிக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு கருவி போய் இன்னொன்று வரும்போது பழைய கருவியின் முடை, எழுத்தின் இயல்பாகவே கருதப்பட்டுப் புதிய கருவிக்குள் குடியேறிவிடுகிறது என்பது என் வாதம்.

ஓலையில் புள்ளி இல்லாமைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், எழுத்தாணி குத்தினால் ஓலை ஓட்டையாகும், நரம்போடு கிழியும் என்பது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இது மட்டுமே காரணம் என்று ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி இல்லை. கல் கிழியாது. ஓலையில் எழுதிப் பழகிய கையின் வழக்கமே கல்லுக்கும் ஏறியிருக்க வேண்டும். அன்றாடம் புழங்கும் கருவி எதுவோ, அதன் பழக்கம் மற்ற கருவிகளையும் ஆளும். இது பிறகும் பலமுறை நடந்தது.

புள்ளி இல்லாததால் படிப்பவர் பட்ட பாட்டை ஒரே சொல்லில் காட்டலாம். சுவடியில் எகரக் கொம்புக்கும் ஏகாரக் கொம்புக்கும் வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். கொம்பு, பகரம், கால், னகரம் என நான்கு குறிகள் வரிசையாக நின்றால் அது ‘பொன்’ ஆகலாம், ‘போன’ ஆகலாம், ‘பேரன்’ ஆகவும் கூடும். சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. எது என்று தீர்மானிப்பது படிப்பவரின் யாப்பறிவும் பொருளறிவுமே. பாட்டை முன்பே கேட்டு மனத்தில் வைத்திருந்தவர்களுக்கு இது பெரிய இடரன்று. ஓலைக் காலத்தில் நூல் பாதி ஏட்டிலும் பாதி நினைவிலும் வாழ்ந்தது. அந்த நினைவு அறுந்துபோன நூல்களில்தான் சிக்கல் கொடியதானது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும், அதே ஆண்டில் கலித்தொகையைக் கொண்டுவந்த யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளையும் செய்த வேலையில் கணிசமான பகுதி, ஏடு விட்டுவைத்த இடங்களில் சரியான புள்ளியை வைப்பதுதான். அதை எழுத்துத் திருத்தம் என்று சிறிதாக்கிச் சொல்வது அநீதி. ஒவ்வொரு புள்ளியும் ஓர் உரைத் தீர்மானம்.

அச்சின் தொடக்கக் கதை இன்னும் வியப்பானது. 1578இல் கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் அச்சிட்ட 16 பக்க நூலின் முகப்பில் பெயர் ‘தமபிரான வணககம’ என்றே இருக்கிறது. ஈயத்தில் வார்த்த எழுத்துக்குப் புள்ளியால் எந்தச் சேதமும் இல்லை. இருந்தும் புள்ளி இல்லை. எழுத்து வார்த்தவர்களுக்கு மாதிரியாகக் கிடைத்தது ஏட்டு எழுத்து. அதில் இருந்ததை அவர்கள் வெட்டினார்கள், இல்லாததை வெட்டவில்லை. கருவி மாறிவிட்டது, பழைய கருவியின் அச்சம் மாறவில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளை வருவித்தபோது அவை அளவில் பெரியவையாக இருந்தன, தாளை விழுங்கின. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள், பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தார்கள். எழுத்தின் அளவு குறைந்ததே தவிர, புள்ளி உடனே ஒழுங்குக்கு வரவில்லை.

கொம்பைச் சுழித்து நெடிலை வேறுபடுத்திய சீர்திருத்தத்தை மரபு வீரமாமுனிவருக்கு (1680–1747) உரியதாக்குகிறது. கவனிக்க வேண்டியது, அவர் தொல்காப்பிய விதியை மீட்டுக் குறிலுக்குப் புள்ளி வைக்கவில்லை. நெடிலுக்குச் சுழி கொடுத்தார். சுழி, எழுத்தாணிக்கு இசைவான கோடு. அச்சு முளைவிட்ட காலத்திலும் தீர்வு ஓலைக்கு உகந்ததாகவே பிறந்தது. 1835இல் இந்தியர் அச்சகம் நடத்தத் தடை நீங்கிய பின், பாடநூல்களும் இதழ்களும் பெருகி, நூலை முன்பின் கேட்டறியாத வாசகர் கூட்டம் உருவானது. நினைவின் துணையில்லாத அந்த வாசகருக்குப் புள்ளி கட்டாயமாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் புள்ளி நிலைபெற்றதற்கு உலோகத்தைவிட இந்த வாசகரே முதற்காரணம் என்பேன்.

அச்சகத்தில் இன்னொரு மிச்சமும் நெடுநாள் இருந்தது. ‘லை’, ‘னை’ முதலியவற்றில் யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த பழைய ஐகாரம் எழுத்தாணியை எடுக்காமல் ஒரே வீச்சில் எழுதும் கைக்கு எளிது. கம்பாசிட்டருக்கோ அது தனித்தனி அச்சு, கேஸில் தனித்தனி அறை. பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் மாற்று வடிவங்களைப் புழங்கத் தொடங்கினார். தமிழக அரசு அவற்றை ஏற்று ஆணையிட்டது 1978இல். இடையில் 43 ஆண்டுகள்! சொல்லிவைக்க வேண்டிய சோகம் என்னவென்றால், அச்சுக்கோப்பவரின் சுமையைக் குறைக்கப் பிறந்த சீர்திருத்தம் அரசாணையானபோது, ஈய எழுத்தின் காலமே முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது.

தட்டச்சுப் பொறியில் புள்ளி வேறொரு நுட்பத்தைக் கேட்டது. ஆங்கிலப் பொறியில் ஒரு விசையைத் தட்டினால் உருளை ஓரிடம் நகரும். தமிழில் ககரத்தின் தலைமேல் புள்ளி வைக்க வேண்டுமானால் உருளை நகரக் கூடாது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து சிங்கப்பூருக்குச் சென்ற ஆர்.முத்தையா இதற்குக் கண்ட வழி ‘நகரா விசை’. புள்ளியை முதலில் தட்டவேண்டும். அது தாளில் பதியும், உருளை அசையாது. பிறகு எழுத்தைத் தட்டினால் அது புள்ளிக்கு அடியில் வந்து அமரும். கையெழுத்தில் எழுத்துக்குப் பின் வரும் புள்ளி, பொறியில் எழுத்துக்கு முன் வந்தது. தட்டச்சுப் பயிலகங்களில் ‘யளனகப’ என்று தொடங்கிப் பழகிய விரல்கள் தலைமுறைக் கணக்கில் இந்த முறையில் ஊறின. கணினி வந்தபோது அந்த விரல்களுக்காகவே பழைய விசையமைப்பைப் புதிய விசைப்பலகையிலும் கொடுக்க வேண்டியிருந்தது.

கணினிக் குறியாக்கத்தில் புள்ளியின் கதை இலக்கணச் சண்டையாகவே ஆனது. 1991இல் வெளியான ஒருங்குறி, இந்திய மொழிகளுக்கென வகுத்த இஸ்கி தரத்தின் கட்டமைப்பைப் பின்பற்றியது. அதன்படி ‘க’ அடிப்படை எழுத்து. அதனோடு புள்ளியைச் சேர்த்தால் ‘க்’. இலக்கணமோ ‘க்’கோடு ‘அ’ சேர்ந்து ‘க’ ஆகிறது என்கிறது. கண்ணுக்கு மூன்றெழுத்தான ‘தமிழ்’ கணினிக்கு ஐந்து குறிகள். எல்லா உயிர்மெய்களுக்கும் தனித்தனி இடம் தரும் ‘டேஸ் 16’ குறியாக்கத்தைத் தமிழக அரசு 2010இல் ஏற்றதற்குப் பின்னால் இந்த மனக்குறைதான் இருந்தது. அந்தக் குறை நியாயமானதே. ஆனாலும் உலகெங்கும் புழக்கத்தில் நின்றது ஒருங்குறிதான். புள்ளியை வெளியிலிருந்து வந்து ஒட்டும் குறியாகப் பார்க்கும் அந்தப் பார்வை எழுத்து வடிவத்தைச் சார்ந்தது, ஒலியைச் சார்ந்ததன்று. ஓலை எழுதியவரும் அப்படித்தான் எழுதினார்: புள்ளியற்ற உரு ஒன்றே அவருக்கு எழுத்து.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையில் இந்த எதிரொலி மிகத் துல்லியமாகக் கேட்கிறது. அதில் ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும். ஒரே மெய் இரண்டுமுறை வந்தால் முதலாவதன் தலையில் புள்ளி தானே ஏறும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. விரல் தட்டுவது ‘அமமா’. திரையில் வருவது ‘அம்மா’. ஏடு எழுதியவர் விட்ட புள்ளியைப் படித்தவர் மனம் இட்டுக்கொண்டது. இங்கே மென்பொருள் இட்டுக்கொள்கிறது. புள்ளி எங்கே வரும் என்பது பெரும்பாலும் மொழிக்குள்ளேயே அடங்கியிருப்பதால்தான் இரண்டும் இயல்கின்றன.

புள்ளியின் இந்தக் கதையில் பதிப்புத் துறைக்கு உடனடியான ஒரு வேலை இருக்கிறது. தஞ்சை சரசுவதி மகால், சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களில் உள்ள ஏடுகளைக் கணினியில் எழுத்தாக்கும்போது, புள்ளியிட்ட பாடத்தை மட்டும் சேமித்தால் ‘பொன்’ இருக்கும். ‘பேரன்’ என்று படிக்க இருந்த வாய்ப்பு அழிந்துபோகும். புள்ளியின்றி அப்படியே தட்டினாலும் தீர்வில்லை: ஒருங்குறியில் வெறும் ‘க’ என்பது அகரம் ஏறிய ககரம் என்றே பொருள்படும், ‘புள்ளி இருந்ததோ இல்லையோ தெரியாத ககரம்’ என்பதற்கு அங்கே குறி இல்லை. எனவே ஏட்டின் உருவை உள்ளபடி தரும் ஒரு வரியும், பதிப்பாசிரியர் தீர்மானித்த ஒரு வரியும் அருகருகே இருக்கவேண்டும். அவற்றோடு அந்த ஏட்டின் படமும் இணைய வேண்டும்.